ஊசியா, வாய்வழி மருந்தா, தெளிப்பா? ஓடைக்கு மேலே மாடு வளர்ப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மாட்டுக்குப் புழு மருந்து வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: எதைக் கொடுத்தால் புழுவும் உண்ணியும் சேர்ந்து போகும்? நீலகிரியில் கோத்தகிரி, எமரால்டு, காட்டேரி பக்கத்து வாசகர்கள் இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள். கொட்டகைக்குக் கீழே ஓடை போகிறது, முன்பு கல்லைப் புரட்டினால் நண்டும் பூச்சியும் ஓடும், இப்போது கல் வெறுமனே வழுக்குகிறது, மாட்டு மருந்தும் காரணமா என்று.

காரணமாக இருக்கலாம். கேரட், உருளைத் தோட்டத்தில் அடிக்கும் மருந்தையும் ஊர்ச் சாக்கடையையும் விட்டுவிட்டு மாட்டின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் மாட்டு மருந்துகளில் சில, ஓடைப் பூச்சிகளைக் கொல்ல மிகக் கொஞ்சமே போதும் என்கிற ரகம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம், எங்கே நின்று கொடுக்கிறோம், மிச்சத்தை எங்கே ஊற்றுகிறோம் என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. எனவே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் நோய். மாட்டில் இருப்பது உருண்டைப்புழுவா, கல்லீரல் தட்டைப்புழுவா, உண்ணியா, சொறியா? இது தெரியாமல் மருந்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. கால்நடை மருந்தகத்தில் சாணப் பரிசோதனை செய்து தருவார்கள். ஒரு தீப்பெட்டி அளவு புதுச் சாணம் போதும்.

அடுத்தது மாடு. கறவையா, சினையா, கன்றா என்பதைப் பொறுத்துப் பாதி மருந்துகள் தானாகவே கழிந்துவிடும்.

மூன்றாவது, மருந்து உடம்பை விட்டு வெளியேறும் வழி. சாணத்தில் போகிறதா, சிறுநீரிலா, தோலிலிருந்து கழுவப்பட்டா? எத்தனை நாள்? இதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மருந்தின் விலை தெரியும், அளவு தெரியும். வெளியே வந்தபின் என்ன ஆகிறது என்று அட்டையிலும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

நான்காவது, தண்ணீரில் விழுந்தால் எவ்வளவு நஞ்சு. கடைசியாக, பில்லில் வராத செலவுகள்: கீழே ஊற்ற வேண்டிய பால், திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, மருந்துக்கு அடங்காமல் போகும் புழு.

## ஓடையில் இருப்பது யார்

சோலை ஓடையில் கணுக்கால் தண்ணீரில் ஒரு கல்லை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான உடம்பும் வால்பக்கம் இரண்டு மூன்று இழைகளுமாகக் கல்லோடு ஒட்டி விறுவிறுவென நகர்வது மேஃபிளை குஞ்சு. மணலையும் சுள்ளியையும் ஒட்டிக் குழல்போல் கூடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ் புழு. சேறு இருக்கும் ஓரத்தில் தட்டான் குஞ்சு, சிவப்பு நிறக் கொசுகுப் புழு, நத்தை, நண்டு. விழுகிற சோலை இலையைக் கடித்துத் துண்டாக்கி ஓடைக்கு உணவாக்குவது இவைதான். அவலாஞ்சி பக்கத்து டிரவுட் மீனுக்கும் இவைதான் தீனி.

புழுவுக்கும் உண்ணிக்கும் எதிராகச் செய்த மருந்து, இவற்றின் உடம்பிலும் அதே இடத்தைத்தான் தாக்கும். இவையும் முதுகெலும்பில்லாத உயிர்கள்தானே. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

## ஐவர்மெக்டின்: ஒரே ஊசி, இரண்டு வேலை

உருண்டைப்புழு, சொறி, பேன், ஓரளவுக்கு உண்ணி, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. கால்நடைக்கு 1981-ல் சந்தைக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்ததற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு யானைக்கால், ஆற்றுக் குருடு நோய்களில் இது செய்த நன்மை பெரிது. மருந்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் 300 கிலோ மாட்டுக்கு 60 மி.கி. அதில் பெரும்பகுதி மாறாமலே சாணத்தில் வெளியேறுகிறது. நீர்த்தெள்ளு என்கிற சிறு நன்னீர் உயிரைச் சோதனைக் கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, லிட்டருக்கு 25 நானோகிராம் இருந்தாலே 48 மணி நேரத்தில் பாதி செத்துவிட்டன. இன்னும் குறைந்த அளவில் செத்த சோதனைகளும் உண்டு. 60 மி.கி.யை அந்த அளவுக்குக் கரைக்க 24 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும்.

இந்த எண்ணைக் கேட்டதும் பதற வேண்டாம். ஐவர்மெக்டின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சாணத்தையும் மண்ணையும் இறுகப் பற்றிக்கொள்ளும். மேட்டில் விழுந்த சாணத்திலிருந்து அது கரைந்து ஓடைக்கு வருவது சொற்பம். தெளிந்த நீரின் மேற்பரப்பில் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிதையவும் செய்யும். பிரச்சினை, மாடு தண்ணீர் குடிக்க ஓடையில் இறங்கி அங்கேயே சாணம் போடும்போதும், மழை சாணத்தோடு மண்ணையும் அடித்துக்கொண்டு போகும்போதும்தான். அப்போது அது அடிச்சேற்றில் போய்த் தங்கும். சோலை நிழலில் வெயிலும் படாது. நம்முடைய குளிரில் சிதைவதும் மெதுவாகத்தான். தண்ணீரை எடுத்துச் சோதித்தால் ஒன்றும் இருக்காது, சேற்றைத் தின்னும் புழுக்களுக்குத்தான் அடி விழும்.

ஊசி போட்ட முதல் ஒரு வாரத்துச் சாணத்தில்தான் மருந்து அதிகம். முதுகில் ஊற்றும் வகையில் அளவே கிலோவுக்கு 0.5 மி.கி.; முதல் இரண்டு மூன்று நாளிலேயே சாணத்தில் உச்சத்தைத் தொடும். மாடு நனைந்தால் தோலிலிருந்தும் கழுவிக்கொண்டு போகும். எனவே இரண்டில் ஊசியே தேவலை.

பில்லில் வராத செலவு இங்கேதான் அதிகம். மருந்து கொழுப்பில் தங்கிப் பாலில் வாரக்கணக்கில் வருவதால், கறவை மாட்டுக்குப் போடாதீர்கள் என்று பல தயாரிப்புகளின் அட்டையிலேயே இருக்கிறது. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர் இதைப் படிக்காமல் இருந்தால் பாதிக்கப்படுவது குடிக்கிறவர்கள். இன்னொன்று, சாணத்தை மக்கவைக்கும் சாணவண்டுகளும் ஈக்களின் புழுக்களும் அந்தச் சாணத்தில் வளராது. சாணம் அப்படியே காய்ந்து கிடக்கும்.

எப்போது இதுவே சரி? சொறி பிடித்த மாடு, பேனும் புழுவும் சேர்ந்து வாட்டும் கறவை வற்றிய மாடு, வேறு மருந்துக்கு அடங்காத புழு. இந்த மூன்றிலும் தயங்க வேண்டாம். டாக்டர் சொன்னால் போடுங்கள், ஒரு வாரம் கொட்டகையில் கட்டிவையுங்கள்.

## ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல், லெவமிசோல்: வாயில் ஊற்றுவது

வெறும் உருண்டைப்புழுதான் என்று சாணப் பரிசோதனை சொன்னால் என் முதல் தேர்வு ஃபென்பெண்டசோல். சினை மாட்டுக்கும் கொடுக்கலாம். நீர்த்தெள்ளுக்கு இது நஞ்சுதான் என்றாலும் ஐவர்மெக்டினை விடப் பல நூறு மடங்கு குறைவு. சாணவண்டுக்கும் பெரிதாகத் தொல்லையில்லை. பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பின் அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அல்பெண்டசோல் மலிவு, கூடுதல் அளவில் முதிர்ந்த தட்டைப்புழுவையும் கொல்லும். ஆனால் சினையின் தொடக்க நாட்களில் கருவுக்கு ஊறு செய்யும். சினை பிடித்ததா இல்லையா என்று தெரியாத மாட்டுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

லெவமிசோல் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும், ஓடைக்கு இதனால் கவலை குறைவு. ஆனால் அளவு கூடினால் மாடு வாயில் நுரை தள்ளி நடுங்கும். கண்ணால் எடையைக் கணித்து ஊற்றுகிற பழக்கத்துக்கு ஏற்ற மருந்தல்ல.

இந்த வரிசையின் மறைவான செலவு எதிர்ப்புத்தன்மை. தென்னிந்தியச் செம்மறிப் பண்ணைகளில் பென்சிமிடசோல் வகைக்கு அடங்காத புழுக்கள் பதிவாகியுள்ளன. ஃபென்பெண்டசோலும் அல்பெண்டசோலும் ஒரே வகை. இதற்குப் பதில் அதை என்று மாற்றிக் கொடுப்பது மாற்றமே இல்லை. எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஊற்றாமல், கீழ் இமையை இறக்கிப் பார்த்து வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். மருந்துச் செலவும் குறையும், ஓடைக்குப் போவதும் குறையும்.

தட்டைப்புழு தனிக் கதை. அதன் பாதி வாழ்க்கையே ஓடையோரத்து நத்தைக்குள் நடக்கிறது. சதுப்பு ஓரத்தில் மேய்ந்த மாட்டுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்தால் ஆக்ஸிகுளோசனைடு போன்ற தனி மருந்து வேண்டும். ஃபென்பெண்டசோலை நம்பியிருக்க முடியாது. நத்தையைக் கொல்ல, செம்பு உப்பான மயில்துத்தத்தைச் சதுப்பில் போடும் பழைய யோசனையை இன்னும் சிலர் சொல்கிறார்கள். செம்பு சிதையவே சிதையாது, நத்தையோடு மற்ற எல்லாவற்றையும் கொல்லும், செம்மறிக்கும் ஆகாது. ஈரமான ஓரத்துக்கு ஒரு வேலி போட்டுவிடுவது நல்லது.

## உண்ணித் தெளிப்பு: வாளியைக் கவனியுங்கள்

என் கணக்கில் மலை ஓடைக்கு ஊசியை விட ஆபத்து இதுதான். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃப்ளூமெத்ரின் எல்லாம் பைரெத்ராய்டு வகை. மாட்டுக்கும் ஆளுக்கும் ஒப்பளவில் பாதுகாப்பு, தண்ணீரில் இருக்கும் பூச்சிக்கும் நண்டுக்கும் கொடிய நஞ்சு.

1.25 சதவீத டெல்டாமெத்ரினை லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால் ஒரு லிட்டரில் 25 மி.கி. இருக்கும். மாட்டுக்கு அடித்து முடித்து, பம்ப்பின் அடியில் அரை லிட்டர் மிச்சம் என்று வையுங்கள். அதை ஓடையில் அலசிவிடுகிறோம்: பன்னிரண்டரை மி.கி. நீர்த்தெள்ளுக்கு லிட்டரில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராமே ஆபத்தான அளவு. அந்த அரை லிட்டர், இரண்டு தண்ணி லாரி அளவு நீரைக் கெடுக்கும். மேஃபிளை குஞ்சு போன்றவை இதை விடக் குறைந்த அளவிலேயே விழும்.

எண்ணிக்கையில் ஐவர்மெக்டின் பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். ஐவர்மெக்டின் சாணத்தில் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது; அதிலும் பெரும்பகுதி மேட்டிலேயே நின்றுவிடும். பம்ப்பை அலசிய நீரோ மொத்தமும் ஒரே நிமிடத்தில் நேராக ஓடையில். பூச்சிகள் கல்லின் பிடியை விட்டு, உயிரோடும் சாகக் கிடந்தும் நீரோடு மிதந்து போகும். பம்ப் கழுவிய மாலையில் கீழே போய்ப் பார்த்தால், ஓரத்து நுரையில் சுருண்டு கிடக்கும் குஞ்சுகளைக் காணலாம். மறுநாள் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பிரிட்டனில் இது பெரிய அளவில் நடந்தது. செம்மறிகளை மருந்து நீரில் முக்கி எடுப்பது அங்கே வழக்கம். ஆர்கனோபாஸ்பேட் என்கிற பழைய வகைப் பூச்சிமருந்து ஆளுக்கு ஆகாது என்று 1990-களில் பலர் சைபர்மெத்ரினுக்கு மாறினார்கள். ஓடை உயிர்களுக்கு அது ஏறக்குறைய 100 மடங்கு கூடுதல் நஞ்சு. முக்கி எடுத்த ஆடுகள் ஈரத்தோடு ஓடையைக் கடந்ததே சில இடங்களில் போதுமானதாக இருந்தது. கடைசியில் 2006-ல் அந்த முக்குமருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது.

இதே வேலைக்கு அமிட்ராஸ் உண்டு. தண்ணீரில் சீக்கிரம் சிதையும், நீர்ப்பூச்சிக்கு டெல்டாமெத்ரினை விடப் பல மடங்கு குறைந்த நஞ்சு. உண்ணிக்கு நன்றாகக் கேட்கும். மீன் குளத்தில் ஊற்றலாம் என்று இதற்குப் பொருளல்ல.

எந்த மருந்தானாலும் மாட்டின் மேல் இருக்கும் உண்ணி பாதிக் கதைதான். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து கொட்டகைச் சுவரின் விரிசலில் 2,000-க்கு மேல் முட்டையிடும். சுவரைப் பூசாமல் மாட்டுக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் மருந்துக் கடைக்குத்தான் லாபம்.

## மூலிகை

வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்துக் கரைத்துத் தடவும் முறை நன்றாகவே பழக்கத்தில் இருக்கிறது. உண்ணி கொஞ்சமாக இருக்கும்போது போதும். உண்ணிச்செடிக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. செலவு நேரம்தான், அரைக்கவும், திரும்பத் திரும்பத் தடவவும் ஆள் வேண்டும். மாடு ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் படுத்துவிட்டால் இதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. மூலிகைதானே என்று ஓடையில் கழுவவும் வேண்டாம். வேம்பின் சத்தும் பூச்சி வளர்ச்சியைத் தடுப்பதுதான். சீக்கிரம் சிதைந்துவிடும் என்பது மட்டுமே ஆறுதல். புகையிலைக் கரைசலை விட்டுவிடுங்கள், அது மாட்டுக்கே நஞ்சு.

## ஒரே பார்வையில்

| மருந்து | எதற்கு | வெளியேறும் வழி | ஓடை உயிருக்கு | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| ஐவர்மெக்டின் ஊசி | உருண்டைப்புழு, சொறி, பேன் | சாணம், முதல் வாரம் அதிகம் | மிகக் கடுமை, சேற்றில் தங்கும் | பால், சாணவண்டு |
| ஐவர்மெக்டின் முதுகில் ஊற்றுவது | மேற்படி | சாணம், தோல் | ஊசியை விட மோசம் | மழையில் வீண் |
| ஃபென்பெண்டசோல் | உருண்டைப்புழு | சாணம் | ஐவர்மெக்டினை விட மிகக் குறைவு | எதிர்ப்புத்தன்மை |
| லெவமிசோல் | உருண்டைப்புழு | சிறுநீர் | குறைவு | அளவு தவறினால் ஆபத்து |
| டெல்டாமெத்ரின் வகை | உண்ணி, பேன், ஈ | தோல், வாளி, பம்ப் | மிகக் கடுமை, உடனடி | கழுவும் இடம் |
| அமிட்ராஸ் | உண்ணி, சொறி | தோல், வாளி | நடுத்தரம் | குதிரைக்கு ஆகாது |
| மூலிகை | லேசான உண்ணி | தோல் | குறைவு | நேரம், ஆள் |

## எந்த இடத்துக்கு எது

குன்னூர், கோத்தகிரி பக்கம் இரண்டு கலப்பினக் கறவை, கட்டித் தீனி போடுகிற வீடு என்றால்: சாணப் பரிசோதனை, தேவையானால் ஃபென்பெண்டசோல், உண்ணிக்கு அமிட்ராஸ் அல்லது மூலிகை. முதிர்ந்த மாட்டுக்கு உருண்டைப்புழுவைத் தாங்கும் சக்தி வந்துவிடும். நாட்காட்டியைப் பார்த்து எல்லா மாட்டுக்கும் ஊற்ற வேண்டியதில்லை. கன்றை மட்டும் விடாதீர்கள். மருந்து கொடுத்த வாரத்துச் சாணத்தைத் தனியாகக் குவித்து மக்கவையுங்கள். அதை ஈரமாகவே எடுத்துப் போய் ஓடையோர கேரட் பாத்தியில் கொட்டினால் செய்ததெல்லாம் வீண்.

நாள் குறிப்பதும் முக்கியம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் சரிவில் கிடக்கும் சாணம் எங்கும் நிற்காது. மேற்குப் பக்கத்தில் ஜூன் பிறப்பதற்கு முன்பும், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் மழைக்கு முன்பும், குறைந்தது பத்து நாள் வறண்ட இடைவெளி வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மசினகுடி, மாயாறு பக்கம் நிலைமை வேறு. காட்டு மேய்ச்சல், உண்ணி அதிகம், உண்ணியால் வரும் நோய்கள் மாட்டோடு நிற்பதுமில்லை. அங்கே பைரெத்ராய்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தெளித்தபின் மாடு காயும்வரை ஆற்றில் இறங்க விடாதீர்கள், பம்ப்பை மேட்டில் மண்ணில் அலசுங்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மாட்டு மருந்து வேறு உயிரைக் கொல்வது புதிய செய்தியும் அல்ல. செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகளைக் காக்க, வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்கு 2006-ல் தடை செய்தார்கள், 2023-ல் கீட்டோப்ரொஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கழுகு பெரிய பறவை, செத்தால் கண்ணுக்குத் தெரிகிறது.

தோடர் எருமைகளுக்கு நான் இன்னும் தயங்கித்தான் சொல்வேன். சதுப்பிலேயே மேய்ந்து அங்கேயே சாணம் போடும் மந்தைக்கு, ஒரு வாரம் கட்டிவை என்ற யோசனை செல்லாது. அங்கே முதிர்ந்த எருமைகளை விட்டு, தாய்ப்பால் வழியே புழு தொற்றும் கன்றுகளுக்கு மட்டும், பிறந்த இரண்டாவது வாரத்தில் பட்டியிலேயே வைத்துக் கொடுக்கலாம். தட்டைப்புழு உறுதியான எருமைக்கு அதற்கான மருந்து. ஐவர்மெக்டின் அந்த மந்தைக்கு வேண்டவே வேண்டாம், சொறி வந்த ஒன்றிரண்டைப் பட்டியில் பிரித்துக் கட்ட முடிந்தால் தவிர.

ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓடைக்கு நல்லது என்று மேலே சொன்ன அமிட்ராஸைக் குதிரைக்கு அடிக்காதீர்கள். குடல் இயக்கம் நின்று வயிற்றுவலியில் துடிக்கும், உயிரே போகலாம். மாட்டுக்குக் கலக்கிய வாளியில் மீதி இருந்தாலும் சரி, பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரைக்கு அது வேண்டாம். அடித்துவிட்டீர்களென்றால் உடனே 1962-க்குப் போன் செய்து டாக்டரைக் கூப்பிடுங்கள்.